தளம் போடுவதற்கு முந்தைய நாள்



  நாம் தையை வரவேற்கும் இந்த ஜனவரிக்கு அமெரிக்காவில் இன்னொரு சிறப்பும் உண்டு. வீட்டுக்குள் சேரும் ரேடான் வாயுவைப் பற்றி மக்களுக்கு எடுத்துச் சொல்வதற்கென்றே இந்த நாட்டில் ஒதுக்கி வைத்திருக்கும் மாதம் இது. அந்தச் செய்தியை உங்களிடம் சேர்க்க இந்த மாத ஆசிரியர் பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன்.

புது வீடு வாங்கப் போகிறவர்களிடமிருந்து வரும் கடிதங்கள் கூடிக்கொண்டே போகின்றன. நியூ ஜெர்சி, இல்லினாய், மினசோட்டா என்று பல இடங்களிலிருந்தும் எழுதுகிறீர்கள். "பில்டரிடம் ஒப்பந்தம் போட்டாயிற்று, இனி எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?" என்று கேட்கிறீர்கள். பள்ளிக்கூடம், வாசல் பார்த்த திசை, சமையலறை அளவு, கடன் வட்டி எல்லாம் அந்தக் கடிதங்களில் இருக்கின்றன. தளத்துக்கு அடியில் என்ன போடப் போகிறார்கள் என்ற கேள்வி மட்டும் இல்லை. அதைக் கேட்க வேண்டும் என்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை என்பதுதான் காரணம். ஆகவே நான் சொல்கிறேன்.

ரேடான் மண்ணிலிருந்து வரும் வாயு. பாறையிலும் மண்ணிலும் இயற்கையாகவே கொஞ்சம் யுரேனியம் இருக்கிறது. அது கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சிதைந்து ரேடியமாகிறது, ரேடியம் சிதைந்து ரேடானாகிறது. அதுவரை திடப்பொருளாகப் பாறைக்குள் கிடந்தது, இந்தக் கட்டத்தில் வாயுவாகி மண்ணின் இடுக்குகள் வழியே நகரத் தொடங்குகிறது. நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. ரேடானில் பாதி சிதைய 3.8 நாள் ஆகும். மண்ணிலிருந்து புறப்பட்டு வீட்டுக்குள் வந்து சேர அந்த அவகாசம் தாராளமாகப் போதும்.

திறந்தவெளியில் அது காற்றோடு கலந்து நீர்த்துப்போகிறது. வீட்டுக்குள் வந்தால்தான் தொல்லை. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும்போது வீட்டின் சூடான காற்று மேலே ஏறி, மாடி இடுக்குகள் வழியே வெளியேறுகிறது. போன காற்றை ஈடுகட்டக் கீழ்த்தளம் எங்கிருந்தாவது காற்றை இழுத்தாக வேண்டும். சன்னல்கள் சாத்தியிருக்கின்றன. ஆகவே தளத்தின் வெடிப்பு, சுவரும் தளமும் சேரும் ஓரம், குழாய்கள் நுழையும் ஓட்டைகள், மழைநீர் சேரும் சம்ப் குழி ஆகியவற்றின் வழியாக மண்ணிலிருந்தே காற்றை உறிஞ்சுகிறது. அந்தக் காற்றோடு ரேடானும் வருகிறது. பிள்ளைகள் விளையாட இடம், விருந்தாளிக்கு ஓர் அறை, வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஒரு மூலை என்று நாம் ஆசையாகச் சீரமைக்கும் பேஸ்மென்டில்தான் அது பொதுவாக அதிகம் சேர்கிறது.

வீடுகளில் இது எவ்வளவு சேரக்கூடும் என்பதை அமெரிக்கா உணர்ந்தது 1984 டிசம்பரில். பென்சில்வேனியாவில் லிமெரிக் அணுமின் நிலையத்தைக் கட்டி முடிக்கும் தறுவாயில் இருந்தார்கள். அங்கே வேலை பார்த்த ஸ்டான்லி வாட்ராஸ் என்ற பொறியாளர் கதிரியக்கச் சோதனைக் கருவியைக் கடக்கும்போதெல்லாம் அபாய மணி அடித்தது. நிலையமோ இன்னும் மின் உற்பத்தியே தொடங்கியிருக்கவில்லை. ஒருநாள் காலை உள்ளே நுழைந்தவுடன், வேலையைத் தொடுவதற்கு முன்பே, அந்தக் கருவிமுன் போய் நின்றார். அப்போதும் மணி அடித்தது. கதிரியக்கம் அவருடைய வீட்டிலிருந்து அவரோடு வந்துகொண்டிருந்தது தெரிந்தது. பாயர்டவுன் அருகே இருந்த அந்த வீட்டுக் காற்றை அளந்தபோது லிட்டருக்குச் சுமார் 2,700 பைக்கோகியூரி ரேடான் இருந்தது. வீட்டைச் சரிசெய்ய வேண்டும் என்று இன்று அரசு வைத்திருக்கும் வரம்பு வெறும் 4. குடும்பம் வீட்டைக் காலிசெய்து, சில மாதங்களுக்குப் பிறகு, பழுதெல்லாம் நீக்கிய பின்னரே திரும்பியது. ரெடிங் பிராங் எனப்படும் யுரேனியம் மிகுந்த பாறைத்தொடர் அந்தப் பகுதியின் அடியில் ஓடுகிறது.

சுரங்கங்களில் இந்தத் துன்பம் பழையது. ஜெர்மனியின் ஷ்னீபெர்க் சுரங்கத் தொழிலாளர்களைக் கொன்றுகொண்டிருந்த மலைநோய் உண்மையில் நுரையீரல் புற்றுக்கட்டி என்பதை ஹார்டிங், ஹெஸ்ஸே என்ற இரு மருத்துவர்கள் 1879-லேயே எழுதிவிட்டார்கள். ரேடான் என்ற தனிமமே அப்போது கண்டுபிடிக்கப்படவில்லை. பின்னாளில் அமெரிக்காவின் கொலராடோ பீடபூமியில் யுரேனியம் தோண்டியவர்களுக்கும் அதே கதி நேர்ந்தது, அவர்களில் பலர் நவஹோ பழங்குடியினர். 1988-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் பட்டியலில் ரேடானைச் சேர்த்தது.

ரேடானை நாம் மூச்சில் இழுத்தால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். ஆனால் அது சிதைந்து உண்டாகும் பொலோனியம் போன்ற துகள்கள் தூசியில் ஒட்டிக்கொண்டு நுரையீரலில் தங்கிவிடுகின்றன. அங்கே அவை உமிழும் ஆல்பா கதிர்கள் உயிரணுக்களைச் சிதைக்கின்றன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீட்டின்படி, இந்த நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 21,000 பேர் ரேடானால் வரும் நுரையீரல் புற்றுநோயில் இறக்கிறார்கள். புகைபிடித்தலுக்கு அடுத்த பெரிய காரணம் இதுதான். அந்த 21,000 பேரில் ஏறக்குறைய 2,900 பேர் வாழ்நாளில் புகையையே தொடாதவர்கள். புகைபிடிப்பவர் வீட்டில் ரேடானும் இருந்தால் இரண்டு ஆபத்தும் சேர்ந்து பெருகும். "எங்கள் வீட்டில் யாரும் சிகரெட் பிடிப்பதில்லை" என்று நிம்மதியாக இருக்கும் என் அம்மாக்களுக்கும் ஐயாக்களுக்கும் இந்தக் கணக்கைச் சொல்லத்தான் வேண்டும்.

இதைப் படித்து அச்சப்பட வேண்டாம். காற்றால் வரும் கேடுகளில் இவ்வளவு சுலபமாகத் தீர்க்கக் கூடியது வேறொன்று உண்டா என்று சொல்வது கடினம். அதிலும் வீடு இன்னும் கட்டப்படவில்லை என்றால் வேலை மிகவும் எளிது. கட்டும்போதே செய்துவிட்டால் 250 முதல் 750 டாலர் வரை ஆகும், கட்டி முடித்த வீட்டில் பிறகு செய்தால் 800 முதல் 2,500 டாலர் வரை ஆகும் என்பது பாதுகாப்பு முகமை வெளியிட்டிருக்கும் கணக்கு. விலைவாசியால் தொகைகள் ஏறியிருக்கலாம். முன்கூட்டிச் செய்வது மலிவு என்பதில் மாற்றமில்லை. தளத்தைத் துளைக்க வேண்டாம், முடிந்த சுவரை உடைக்க வேண்டாம், வெளிச்சுவரில் குழாய் தொங்க வேண்டாம்.

புது வீட்டில் என்ன செய்கிறார்கள் என்பதைக் கீழிருந்து மேலாகச் சொல்கிறேன். முதலில் தளம் வரப்போகிற இடம் முழுவதும் நான்கு அங்குல உயரத்துக்குச் சுத்தமான ஜல்லி பரப்ப வேண்டும். மண்ணும் பொடியும் கலவாத ஜல்லியாக இருந்தால்தான் கற்களுக்கு இடையே காற்று தடையின்றி நகரும். அந்த ஜல்லிக்குள் டி வடிவ இணைப்பு ஒன்றை வைத்து, அதிலிருந்து மூன்று அல்லது நான்கு அங்குல பிவிசி குழாயை நிமிர்த்தி நிறுத்த வேண்டும். ஜல்லியின் மேல் தடித்த பாலித்தீன் விரிப்பு. இங்கே பேச்சு வழக்கில் 6 மில் என்பார்கள். துண்டுக்குத் துண்டு ஓர் அடியாவது ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும், குழாயைச் சுற்றி இறுக்கமாக ஒட்டியிருக்க வேண்டும். அதற்கு மேல்தான் கான்கிரீட்.

கான்கிரீட் காய்ந்த பிறகு அடைக்கும் வேலை. சுவரும் தளமும் சேரும் ஓரம், கான்கிரீட்டில் வேண்டுமென்றே அறுத்துவிடும் இணைப்புக் கோடுகள், குழாய்கள் நுழையும் இடங்கள் எல்லாவற்றையும் பாலியூரித்தேன் பசையால் அடைக்க வேண்டும். குளியல் தொட்டிக்கு அடியில் பிளம்பருக்காக விட்டுவைக்கும் பெரிய சதுரப் பள்ளத்தையும் மறக்கக் கூடாது. சம்ப் குழிக்குக் காற்றுப் புகாத மூடி போட வேண்டும். சுவர் உள்ளீடற்ற கட்டுக்கல்லால் ஆனதென்றால் மேல்வரிசைக் கல் திடமாகவோ நிரப்பப்பட்டதாகவோ இருக்க வேண்டும், இல்லையென்றால் வாயு கல்லின் வயிற்றுக்குள்ளேயே ஏறி மேலே வந்துவிடும்.

அடித்தளத்தில் நிறுத்திய குழாய் வீட்டின் உட்சுவர் வழியாக நேரே மேலேறி, அட்டிக் எனும் கூரைப்பரணைக் கடந்து, கூரைக்கு மேல் ஓர் அடியாவது எழும்பி நிற்க வேண்டும். சன்னல் போன்ற திறப்புகளிலிருந்து அந்த முனை விலகியிருக்க வேண்டும். வெளிச்சுவர் வழியே கொண்டுபோகாமல் உட்சுவர் வழியே கொண்டுபோவதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டின் சூட்டில் குழாயும் சூடாக இருந்தால் அதற்குள் இருக்கும் காற்று தானாகவே மேலே ஏறும். மின்சாரம் எதுவுமில்லாமல் மண்ணின் காற்று வானத்துக்குப் போய்விடும். இப்படிச் சும்மா நிற்கும் குழாயே வீட்டுக்குள் சேரும் ரேடானைச் சராசரியாகப் பாதியாகக் குறைக்கும் என்கிறது பாதுகாப்பு முகமை. அதுவும் போதாமல் போனால் பரணில் ஒரு விசிறியைப் பொருத்திவிடலாம். அதற்காகவே பரணில் மின் இணைப்புப் பெட்டியை முதலிலேயே வைக்கச் சொல்கிறார்கள்.

இந்த விவரங்களில் விஞ்ஞானச் சிக்கல் எதுவுமில்லை. ஜல்லி, விரிப்பு, குழாய், பசை, ஒரு மின் பெட்டி. எல்லாம் எந்தக் கட்டுமானக் கடையிலும் கிடைப்பவை. பிறகு ஏன் இந்த முறையில் கட்டிய வீடுகளிலும் சில நேரம் ரேடான் அளவு குறையாமல் நிற்கிறது? அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் வீடு கட்டுபவர்களுக்கு நடக்கும் ஒரு பயிற்சி வகுப்பில் போய் உட்கார்ந்தேன்.

வகுப்பில் வரைபடங்களைவிட என்னை ஈர்த்தது ஒரு செயல்விளக்கம். கண்ணாடிபோல் தெளிந்த பெட்டி ஒன்றில் ஜல்லியை நிரப்பி, மேலே பாலித்தீன் விரித்து, பக்கத்தில் ஒரு குழாய் வழியே காற்றை உறிஞ்ச ஏற்பாடு செய்திருந்தார்கள். பயிற்சியாளர் புகை கக்கும் சிறு குச்சி ஒன்றை விரிப்புக்கு மேல் நகர்த்தினார். விரிப்பு முழுசாக இருந்தவரை புகை நேராக மேலே போனது. ஓர் ஆணியால் விரிப்பைக் குத்தினார். அடுத்த நொடியே புகை வளைந்து, அந்தத் துளையைத் தேடிப் போய், உள்ளே நுழைந்தது. அறையில் கொஞ்சநேரம் யாரும் பேசவில்லை.

பிறகு கான்கிரீட் குழு ஒன்றின் மேஸ்திரி எழுந்து பேசினார். ஊற்றிய கான்கிரீட்டின் மேல் நீர் கசிந்து நிற்கும், அது வடியும்வரை மட்டம் தேய்க்க முடியாது. ஆகவே நீர் சீக்கிரம் கீழே இறங்கட்டும் என்று விரிப்பில் ஆங்காங்கே குத்தி வைப்பது தங்கள் குழுவில் வழக்கம் என்றார். ஈரம் ஏறாமல் தடுக்கத்தான் விரிப்பு போடுகிறார்கள், அதில் நாலு துளை விழுந்தால் என்ன என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்ததாகச் சொன்னார். அவர் சோம்பேறி இல்லை, ஏமாற்றுக்காரர் இல்லை. தன் வேலையைச் சீக்கிரமாகவும் சுத்தமாகவும் முடிக்க நினைத்தவர். அந்த விரிப்பு எதற்கு என்று அதுவரை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

எனக்குப் பதில் அங்கேயே கிடைத்துவிட்டது. விதிப்புத்தகத்தில் "விரிப்பு போடு" என்று எழுதியிருக்கும், வரைபடத்தில் கோடு இருக்கும், இன்ஸ்பெக்டர் பார்க்கும் நேரத்தில் விரிப்பும் இருக்கும். ஆனால் கான்கிரீட் லாரி வந்து நின்று, மேலே நடந்து, கம்பி இழுத்து, ஊற்றத் தொடங்கும் அந்த அரைமணி நேரத்தில் விரிப்பைக் காப்பாற்றுவது தொழிலாளியின் கைதான். காரணம் தெரிந்த கை கிழிசலைக் கண்டால் நின்று ஒட்டும். காரணம் தெரியாத கை அதன்மேல் கான்கிரீட்டைத் தள்ளிவிடும். மறுநாள் பார்த்தால் இரண்டு தளமும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

இன்னொரு சிக்கல், இந்த வேலை பல கைகளுக்குப் பிரிந்து கிடப்பது. ஜல்லியைப் பரப்புகிறவர் ஒருவர், குழாய் வைக்கும் பிளம்பர் ஒருவர், விரிப்பு போட்டுக் கான்கிரீட் ஊற்றுகிறவர் ஒருவர், கூரையில் குழாய் வெளியே வரும் இடத்தை மழை ஒழுகாமல் மூடுகிறவர் ஒருவர், மின் பெட்டி வைக்கும் எலக்ட்ரீஷியன் ஒருவர். இவர்கள் ஒரே நாளில் வேலைக்கு வருவதில்லை, பல நேரம் ஒருவரையொருவர் பார்ப்பதுகூட இல்லை. பசை வைத்து அடைப்பது யாருடைய வேலை என்று கேட்டால், ஒவ்வொருவரும் மற்றவரைக் காட்டுகிற நிலை வந்துவிடுகிறது. வகுப்பில் சொன்ன தவறுகளில் பல இந்த இடைவெளியில் நடந்தவை. குழாய் பரணோடு நின்றுவிடும், கூரையைத் தாண்டாது. அப்போது வாயு முழுவதும் பரணில் கொட்டும். குழாய் கிடைமட்டமாக ஓடும் இடத்தில் சரிவு தராமல் விட்டால் உள்ளே ஊறும் நீர் தேங்கிக் குழாயை அடைத்துவிடும். பெயர் எழுதாத குழாயைக் கழிவுநீர்க் குழாயின் காற்றுப்போக்கி என்று நினைத்து, பின்னால் வரும் பிளம்பர் தொட்டிக் குழாயை அதில் இணைத்துவிடக்கூடும். ஒவ்வொரு மாடியிலும் குழாய்மேல் "ரேடான் குறைக்கும் அமைப்பு" என்று சீட்டு ஒட்டச் சொல்வது அதற்காகத்தான்.

ஆகவே பயிற்சி பில்டர் நிறுவனத்தின் முதலாளியோடு நிற்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மேற்பார்வையாளர் வர வேண்டும், மேஸ்திரி வர வேண்டும், பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் வர வேண்டும். இந்த நாட்டில் கான்கிரீட் வேலையிலும் கூரை வேலையிலும் ஸ்பானிஷ் பேசும் தொழிலாளர்கள் ஏராளம். ஆங்கிலத்தில் மட்டும் வகுப்பு நடத்தினால் எந்தக் கைக்குப் பாடம் போய்ச் சேர வேண்டுமோ அந்தக் கைக்குப் போய்ச் சேராது. வேறொரு மொழியில் பிறந்து, இங்கே வந்து, புதிய தொழிலையும் புதிய மொழியையும் ஒருங்கே கற்ற வலி நம் வாசகர்களுக்குத் தெரியும். அவரவர் மொழியில் காரணத்தை விளக்கும் வகுப்புகள் வேண்டும் என்று உங்கள் ஊர்க் கூட்டங்களில் நீங்கள் எழுந்து கேட்கலாம்.

அரசுக்கும் இது தெரியாமல் இல்லை. வாட்ராஸ் வீட்டுச் செய்தி வெளியான சில ஆண்டுகளில், 1988-இல், ரேடான் குறைப்புச் சட்டம் நிறைவேறியது. வீட்டுக்குள் இருக்கும் காற்று வெளிக்காற்றைப் போல் ரேடான் குறைந்ததாக இருக்க வேண்டும் என்பதை நாட்டின் இலக்காக வைத்த சட்டம் அது. மாதிரிக் கட்டுமான நெறிகளை வகுக்கவும், மாநிலங்களுக்கு நிதி தரவும், பல்கலைக்கழகங்களில் வட்டாரப் பயிற்சி மையங்கள் அமைக்கவும் அதில் வழி செய்தார்கள். நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ், அலபாமாவின் ஆபர்ன் போன்ற பல்கலைக்கழகங்களில் அப்படிப்பட்ட மையங்கள் வந்தன. 1994-இல் பாதுகாப்பு முகமை புது வீடுகளுக்கான மாதிரி நெறிகளை வெளியிட்டது. வீடு கட்டுவோருக்கென்றே படங்களோடு ஒரு கையேட்டையும் பின்னர் கொண்டுவந்தது.

இருந்தும், நாடு முழுவதற்கும் ஒரே கட்டாயம் இல்லை. வீடுகளுக்கான கட்டட விதித்தொகுப்பில் ரேடான் தடுப்பு ஒரு பின்னிணைப்பாகத்தான் இருக்கிறது. மாநிலமோ ஊரோ அதை ஏற்றுக்கொண்டால்தான் அது செல்லும். மினசோட்டா 2009 ஜூனிலிருந்து எல்லாப் புது வீடுகளுக்கும் கட்டாயமாக்கியது. இல்லினாயில் 2013 ஜூனில் அப்படிப்பட்ட சட்டம் நடப்புக்கு வந்தது. நியூ ஜெர்சியில் ரேடான் அதிகம் என்று வகைப்படுத்திய ஊர்களில் மட்டும் கட்டாயம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும் இந்த வேலையை ஓர் ஊரில் கட்டாயமென்றும் எல்லை தாண்டிய அடுத்த ஊரில் விருப்பமென்றும் வைத்திருக்கிறோம். மண்ணுக்கு அந்த எல்லை தெரியாது. கடல் கடந்து பார்த்தால், அயர்லாந்து 1998 ஜூலையிலிருந்தே புது வீடு ஒவ்வொன்றின் அடியிலும், பின்னால் தேவைப்பட்டால் உறிஞ்சிக்கொள்ள, ஒரு ரேடான் குழி வைக்கச் சொல்கிறது. அளவு அதிகமான பகுதிகளில் தடுப்பு விரிப்பும் போட வேண்டும். கனடாவின் தேசிய மாதிரிக் கட்டட விதியில் 2010-இல் இதுபோன்ற ஏற்பாடு சேர்ந்தது.

இனி, வீடு வாங்கப் போகும் உங்களுக்கு. உங்கள் ஊரில் விதி இருக்கிறதோ இல்லையோ, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் பில்டரிடம் இதைக் கேளுங்கள். ஜல்லி, விரிப்பு, குழாய், பரணில் மின் பெட்டி நான்கும் உண்டா? அடைக்கும் வேலைக்குப் பொறுப்பு யார்? அந்த ஆள் பயிற்சி பெற்றவரா? பதிலை ஒப்பந்தத்தில் எழுத்தாக வாங்குங்கள். பிறகு தளம் போடுவதற்கு முந்தைய நாள் என்றைக்கு என்று தெரிந்துகொண்டு, முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள். ஜல்லி சுத்தமாக இருக்கிறதா, விரிப்பில் கிழிசல் உண்டா, குழாயின் வாயைக் கான்கிரீட் விழாமல் மூடியிருக்கிறார்களா என்று பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். போக முடியாதவர்கள் படம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். மறுநாள் கான்கிரீட் விழுந்த பிறகு அதை இன்ஸ்பெக்டராலும் பார்க்க முடியாது.

குடிபோன பிறகு கட்டாயம் சோதனை செய்யுங்கள். குழாய் இருக்கிறது என்பதால் ரேடான் இல்லை என்று ஆகிவிடாது. பக்கத்து வீட்டில் குறைவு என்பதும் உங்கள் வீட்டுக்குச் சான்றாகாது, ஒரே தெருவில் வீட்டுக்கு வீடு அளவு மாறும். சோதனைப் பெட்டி கடையில் மலிவாகவே கிடைக்கிறது. தொடங்குவதற்கு 12 மணி நேரம் முன்பிருந்தே சன்னல்களைச் சாத்திவைத்து, ஆட்கள் புழங்கும் அறைகளில் ஆகக் கீழே உள்ள ஒன்றில், குறைந்தது 48 மணி நேரம் வைக்க வேண்டும். சமையலறையும் குளியலறையும் வேண்டாம். லிட்டருக்கு 4 பைக்கோகியூரி அல்லது அதற்கு மேல் வந்தால் விசிறி பொருத்த ஆள் கூப்பிடுங்கள். இந்த வேலைக்கு உரிமமோ சான்றிதழோ உள்ளவராகப் பார்த்துக் கூப்பிடுங்கள். 2-க்கும் 4-க்கும் இடையே வந்தாலும் யோசிக்கச் சொல்கிறது பாதுகாப்பு முகமை. உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் கன மீட்டருக்கு 100 பெக்கரல் என்ற அளவு, இந்தக் கணக்கில் 3-க்கும் கீழே.

விசிறி பொருத்தியவர்கள் குழாயில் யு வடிவத் தெளிந்த குழல் ஒன்றைக் காண்பீர்கள், அதில் வண்ணத் திரவம் நிற்கும். இரண்டு பக்கமும் திரவம் ஏற்றத்தாழ்வாக இருந்தால் விசிறி இழுக்கிறது. இரண்டும் ஒரே மட்டத்தில் நின்றால் விசிறி நின்றுவிட்டது. மின் கட்டணத்தை மிச்சப்படுத்த அந்த விசிறியை அணைக்க வேண்டாம், அது இரவும் பகலும் ஓட வேண்டியது. வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அந்தக் குழலைக் காட்டி வையுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் படிக்கும் வாசகர்கள், இது நமக்கு உண்டா என்று கேட்கலாம். யுரேனியமும் தோரியமும் எல்லா மண்ணிலும் கொஞ்சம் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் வழியாகத் தோரியம் மிகுந்திருப்பதும், கேரளத்தின் சவறா, கருநாகப்பள்ளி கரைகளிலும் அப்படியே இருப்பதும் நீங்கள் அறிந்ததே. தோரியத்திலிருந்து வருவது தோரான் என்ற உறவு வாயு. ஒரு நிமிடத்துக்குள் அதில் பாதி சிதைந்துவிடுவதால் மண்ணின் ஆழத்திலிருந்து வீட்டுக்குள் வந்து சேர அதற்கு அவகாசம் குறைவு. பகலெல்லாம் கதவும் சன்னலும் திறந்து கிடக்கும், பேஸ்மென்ட் இல்லாத நம் ஊர் வீடுகளில் வாயு எதுவும் அடைந்து நிற்க வாய்ப்பும் குறைவு. குளிர்நாட்டு வீடுகளின் கணக்கை அப்படியே அங்கே போட்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் குளிர்சாதனத்துக்காக அடைத்து வைக்கும் புதிய வீடுகளுக்கு நல்ல காற்றோட்டம் வேண்டும் என்பதை நம் ஊர்க் கட்டடக்காரர்களும் மனத்தில் வைக்கலாம்.

நம் வாசகர்களில் கட்டுமானத் தொழிலில் இருப்பவர்களும் உண்டு. பொறியாளர்கள், மேற்பார்வையாளர்கள், சொந்தமாக நிறுவனம் நடத்துகிறவர்கள் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மாநிலச் சுகாதாரத் துறையின் ரேடான் பிரிவைக் கூப்பிட்டு, வீடு கட்டுவோருக்கு நடக்கும் வகுப்புகளைக் கேளுங்கள். நீங்கள் மட்டும் போகாமல் உங்கள் மேஸ்திரியையும் பிளம்பரையும் கூட அழைத்துப் போங்கள், அன்றைய கூலியைக் கொடுத்து அழைத்துப் போங்கள். திரும்பி வந்ததும் உங்கள் வேலைத்தளத்தில் அடைக்கும் வேலைக்கென்று ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். தளம் போடுவதற்கு முந்தைய நாள் மாலையில் அவர் விரிப்பு முழுவதையும் நடந்து பார்த்த பிறகுதான் கான்கிரீட்டுக்குச் சொல்வது என்று வழக்கம் வையுங்கள். இதற்கு ஆகும் செலவு ஒருநாள் கூலியும் கொஞ்சம் பசையும். அந்த வீட்டில் பிறந்து வளரப்போகும் பிள்ளைகள் உங்களை ஒருநாளும் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் அவர்கள் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் உங்கள் அக்கறை இருக்கும்.

இந்த ஆண்டு புதுமனை புகும் குடும்பங்கள் நம்மில் நிறைய இருப்பீர்கள். பால் காய்ச்சும் நாளைக் குறிப்பதற்கு முன் தளம் போடும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். பில்டரிடம் கேட்ட கேள்விகளையும் கிடைத்த பதில்களையும் எங்களுக்கு எழுதுங்கள். பயிற்சி வகுப்புக்குப் போய் வந்தவர்கள் அங்கே கற்றதை எழுதுங்கள். வரும் இதழ்களில் அவற்றுக்கு இடம் ஒதுக்கி வைக்கிறேன். ஒருவர் கேட்ட கேள்வி பத்துக் குடும்பங்களுக்குப் பயன்படட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்